மாத்தி வெச்ச கேபிள்

டாக்டருடைய மேசைமேல் ஒரு மஞ்சள் கேபிள் வட்டமாகச் சுருண்டு கிடந்தது. சுருட்டியவருக்குக் கை நேர்த்தி. எங்கும் மடிப்பு விழாமல், இரண்டு முனைகளுக்கும் தூசி மூடி போட்டு, கறுப்புப் பட்டையால் இறுக்காமல் கட்டியிருந்தது. கண்ணாடி இழைக் கேபிளை அப்படிச் சுருட்டத் தெரிந்தவர்கள் எங்கள் தொழிலிலேயே குறைவு.

அதைச் சுருட்டிய பிந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒப்பந்த ஊழியர். மற்ற மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்: ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டர், நிர்வாக மேலாளர் பழனிச்சாமி, அப்புறம் நான். ஏசி ஓடியும் அறையில் டெட்டால் வாசனை போகவில்லை.

கேபிளைப் பிடுங்கியது பிந்துதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். ஏன் பிடுங்கினாள் என்பதுதான் கேள்வி. பதில் திருப்தியாக இல்லையென்றால் மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிடுவார்கள். திருப்தியாக இருந்தால், டாக்டரின் கையெழுத்துக்குக் காத்திருந்த நிரந்தர வேலை உத்தரவு அவள் கைக்கு வரும். அந்த உத்தரவை நம்பி அவள் நெம்மாறையில் வீட்டைக் காலி செய்துவிட்டு, மகளைப் பாலக்காட்டுச் சித்தூரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். புருஷன் இல்லை. இன்னொரு வேலையும் கைவசம் இல்லை.

என்னை வரவழைத்தது அறிக்கை எழுத. அந்த ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் வடிவமைத்தவள் நான். யாருடைய தவறு என்று ஒரு வரியில் எழுதித் தரவேண்டும் என்றார்கள். நான் எழுதுகிற வரியில் அவள் வேலை இருக்கிறது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எல்லாம் இரண்டிரண்டு

போன வாரம் சர்வர் அறைகளின் குளிரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எல்லாச் சாமானையும் இரண்டிரண்டாக வாங்கிவிட்டால் தீர்ந்தது. அதற்கு எதற்கு உங்களுக்குச் சம்பளம்?" நியாயமான கேள்வி. என் அப்பாவும் இதையேதான் கேட்டார். எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இரண்டு மோட்டார் வைத்திருந்தார். ஒன்று கெட்டால் மற்றொன்று. அதற்கு அவர் எந்த இன்ஜினீயரையும் கூப்பிடவில்லை.

கஷ்டம் எங்கே வருகிறது என்றால், மோட்டார் கெட்டதை அப்பா பார்ப்பார், நடந்து போய் மற்றதைப் போடுவார். நெட்வொர்க்கில் நடந்து போக நேரமில்லை. கெட்டதை இயந்திரமே கண்டுபிடித்து, யாரையும் கேட்காமல் வழியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஸ்கேன் எடுக்கிற பெண்ணுக்குத் திரை ஒரு நொடி தயங்கியதுகூடத் தெரியக்கூடாது.

அதற்காக இரண்டு பெரிய சுவிட்சுகளை ஜோடியாக வைப்போம். சுவிட்சு என்றவுடன் சுவரில் தட்டுகிற சுவிட்சை நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் உள்ள அத்தனை கம்ப்யூட்டர் கேபிள்களும் வந்து சேருகிற இரும்புப் பெட்டி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே முகவரி. மேலே இருப்பது வேலை செய்யும், கீழே இருப்பது காத்திருக்கும். மேலது ஓயாமல் "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று கீழதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சொல் நின்றால் கீழது பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே பேச்சு மட்டும் அறுந்துபோனால், இரண்டும் உயிரோடிருக்கும்போதே ஒன்றையொன்று செத்துவிட்டதாக நினைத்து, இரண்டுமே தலைமைக்கு வந்துவிடும். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் எதுவும் ஓடாது. பங்காளிச் சண்டை நடக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

பெட்டிகள் இரண்டு இருந்தால் போதாது, வெளியே போகிற வழிகளும் இரண்டு வேண்டும். ஒன்று மேல் சுவிட்சிலிருந்து, மற்றது கீழ்ச் சுவிட்சிலிருந்து. அந்த இரண்டு வழிகளும் போகிற பாதையில் எங்கேயும் சேரக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை நான் போடிமெட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரே கம்பம்

தொழிலுக்கு வந்த புதிதில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இன்டர்நெட் இரண்டு கம்பெனிகளிடமிருந்து வாங்கியிருந்தார்கள். அலுவலகக் கணக்கர் மதுரைப் பக்கத்துக்காரர். அவருக்கு அதில் பெருமை.

"ரெண்டு லைனு வாங்கியாச்சுல்ல மேடம், பெறகென்ன? ஒருத்தன் படுத்தா இன்னொருத்தன். நம்மளுக்கு என்ன கவலைங்கிறேன்."

நானும் சரிதான் என்று நினைத்தேன். மழை பிடித்த ஒரு வாரத்தில் இரண்டு லைனும் சேர்ந்தே செத்தன. மூடுபனியில் மலை ரோட்டில் இறங்கிப் பார்த்தால், இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரே வரிசைக் கம்பங்களில் தங்கள் கேபிளைக் கட்டியிருந்தார்கள். ஒரு வளைவில் ஒரு மரம் சாய்ந்திருந்தது. அது கம்பெனி பார்த்து விழவில்லை.

அன்றிலிருந்து யாராவது "எங்ககிட்ட பேக்கப் இருக்கு" என்றால் எனக்கு எரிச்சல் வருகிறது. பேக்கப் என்ற சொல் மனிதர்களைத் தூங்க வைக்கிறது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் நாம் அதைத் தினமும் தொட்டுப் பார்ப்போம். இரண்டு இருக்கிறது என்றால் இரண்டையுமே பார்ப்பதில்லை. பல வருஷம் கழித்தும் இந்த எரிச்சல் குறையவில்லை, வயதோடு கொஞ்சம் கூடியிருக்கிறது.

நடந்தது இதுதான்

ஆஸ்பத்திரி கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், தமிழும் மலையாளமும் கலந்த பாலக்காட்டு எல்லையில். பெயர் வேண்டாம். வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துத் தமிழ் விவசாயிகள், பாதிப் பேர் மலையாளிகள். ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் அங்கே கிடையாது. அவர் கோயம்புத்தூரில் இருப்பார். படம் நெட்வொர்க் வழியாக அவருக்குப் போகும், அவர் பார்த்துப் பதில் அனுப்புவார். அதனால்தான் இரண்டு சுவிட்சு, இரண்டு லைன். ஒரு லைன் சித்தூர் ரோடு வழி. இன்னொன்று கோபாலபுரம் பக்கம் சுற்றிக்கொண்டு வருவது. இரண்டும் எங்கேயும் சேரவில்லை என்று ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சாமான் வந்தபோது கீழ்ச் சுவிட்சுக்கு ஒரு சிறு பாகம் வந்து சேரவில்லை. அதனால் இரண்டு லைனையும் தற்காலிகமாக மேல் சுவிட்சிலேயே செருகி வைத்தோம். பாகம் பிறகு வந்தது. நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். பழனிச்சாமிக்குப் போன் போட்டு, மேல் சுவிட்சில் இருக்கிற இரண்டாவது கேபிளை எடுத்துக் கீழ்ச் சுவிட்சில் செருக வேண்டும் என்றேன்.

"புரிஞ்சுதுங்க அம்மிணி. நான் சொல்லிப் பண்ண வெச்சர்றேன்."

பண்ண வைத்துவிட்டதாக மறுநாள் தகவல் வந்தது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் ஓடியது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், குடிநீர்க் குழாய் போடச் சித்தூர் ரோட்டைத் தோண்டிய ஜேசிபி முதல் லைனை அறுத்தது. இதற்காகத்தானே இரண்டாவது லைன்? அது எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள அது செருகியே இல்லை. அழகாகச் சுருட்டப்பட்டு, சுவிட்சுகளை அடுக்கியிருக்கிற ராக்கின் பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ச் சுவிட்சு விழிப்போடுதான் நின்றது. அதற்கு வெளியே போக வழிதான் இல்லை.

அந்த மத்தியானம் தென்னையிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், படம் போகவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிப் பாலக்காட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். பிழைக்காமலும் போயிருக்கலாம் என்பதை டாக்டர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

இருவரும் ஒன்றையே சொன்னார்கள்

கூட்டத்தில் டாக்டர் முதலில் பிந்துவைக் கேட்டார். மலையாளத்தில்தான் கேட்டார். ஒற்றப்பாலத்துக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேச வராது.

பிந்து அழவில்லை. மேசைமேல் இருந்த கேபிளைக் காட்டினாள். "ஸார் மாத்தி வெக்கான் பறஞ்ஞு. ஞான் மாத்தி வெச்சு." ஸார் மாத்தி வெக்கச் சொன்னார், மாத்தி வெச்சேன் என்கிறாள்.

டாக்டர் பழனிச்சாமியைப் பார்த்தார். "ஸார் அங்ஙனெ பறஞ்ஞோ?"

"சொன்னேனுங்க. இல்லைன்னு சொல்லலீங்களே. ரூமுக்கு வெளிய நின்னு, 'அந்த ரெண்டாவது கேபிளை மாத்தி வெச்சிரு கண்ணு'ன்னு என்ற வாயாலதான் சொன்னேன். புடுங்கச் சொல்லலீங்க."

"மாத்தி வெக்கான் பறஞ்ஞல்லோ?" என்றார் டாக்டர்.

"மாத்தி வெக்கத்தானுங்க சொன்னேன்!"

"அதாணு ஞான் செய்தது," என்றாள் பிந்து.

இப்படியே இரண்டு மூன்று சுற்று போயிற்று. சொன்னதில் தகராறு இல்லை, கேட்டதில் தகராறு இல்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒருவரை ஒருவர் பொய்யர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதுவரை கேபிள் எண்ணையும் போர்ட் எண்ணையும் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் சொற்களைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

டாக்டர் சலித்துப்போய் என் பக்கம் திரும்பினார். லைன் கழன்றால் போனுக்கு எச்சரிக்கை வரும் என்று சொன்னீர்களே, அது ஏன் வரவில்லை என்று கேட்டார். அந்த எச்சரிக்கைச் சாதனத்தை நீங்கள் இன்னும் வாங்கவேயில்லை என்றேன். ஒரு லைனை வேண்டுமென்றே நிறுத்தி மற்றது எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் நீங்கள் நாள் ஒதுக்கவில்லை என்றேன். கொஞ்சம் காரமாகவே சொல்லியிருப்பேன்.

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஓ, அது. பின்னீடு செய்யாமெந்நு நம்மள் மாத்தி வெச்சதல்லே?"

பிறகு செய்யலாம் என்று நாம் தள்ளிப்போட்டோமே, என்கிறார். தள்ளிப்போடுவதற்கும் மலையாளத்தில் மாத்தி வைப்பதுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பட்டியில் அடைத்த ஆடு

பத்தாவது வரை நான் படித்தது தமிழில். அதற்குப் பிறகு சித்தூரில் கல்லூரி. முதல் வாரம் வகுப்பில் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சாயங்காலமானால் ஆடுகளைப் பட்டிக்குள் அடைப்போம் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். எங்கள் ஆடுகள் நாய்க்குள் எப்படிப் போயின என்று ஒரு பையன் வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்த மாதிரிச் சொற்களை எங்கள் பக்கத்துக்காரர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வோம், சிரிக்க வைப்பதால் நினைவிருக்கும். மாத்துவது அப்படியல்ல. தமிழில் மாத்தி வை என்றால் இதிலிருந்து எடுத்து அதில் வை. மலையாளத்தில் மாத்தி வை என்றால் எடுத்து அப்பால் வை. பாதி அர்த்தம் ஒன்று, எடுக்கிறவரைக்கும் இரண்டு பேரும் ஒன்றையேதான் செய்வார்கள். அப்புறம்தான் பிரிவார்கள். பல தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும், இந்தப் பிரிகிற இடத்தை யாரும் கவனித்திருக்கவில்லை.

பிந்து, சொன்னதை ஒரு குறையில்லாமல் செய்திருக்கிறாள். எடுத்தாள், மூடி போட்டாள், சுருட்டினாள், அப்பால் வைத்தாள். தேவையில்லாத கேபிள் என்று நினைத்தாள். எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருந்தது?

இதை நான் அந்த அறையில் விளக்கினேன். டாக்டருக்கு உடனே புரிந்தது. சிரிக்கக்கூடச் செய்தார். பிந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். பழனிச்சாமி மட்டும் அசையவில்லை.

டாக்டர் அடுத்துச் சொன்னதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஸார் அன்றைக்கு அதை மலையாளத்தில் சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லையே, என்று சாதாரணமாகச் சொன்னார்.

பழனிச்சாமியின் காது மடல் சிவந்தது. பொள்ளாச்சியிலோ ஈரோட்டிலோ இருந்து வந்தவர் அல்ல அவர். எருத்தேன்பதிக்காரர், இந்த மண்ணிலேயே பிறந்த தமிழர். எங்கள் தோட்டத்துக்கு இரண்டு வாய்க்கால் தள்ளி அவருடைய தென்னந்தோப்பு. அவருக்கு மலையாளம் எழுத, படிக்க, அரசாங்க அலுவலகத்தில் வாதாட எல்லாம் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் அவர் ஒரு வார்த்தை மலையாளம் பேசியதில்லை. கேட்பார், தமிழில் பதில் சொல்வார். அவருக்கு அது ஒரு வைராக்கியம்.

"எம்பட ஊருல நின்னு எம்பட பேச்சைப் பேசறது தப்புங்களா டாக்டர்? நான் சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்லீங்க. வேணும்னா இந்த அம்மிணியைக் கேளுங்க."

தப்பில்லை என்றேன். பிந்து கேட்டதிலும் தப்பில்லை என்றேன்.

"அது சரி," என்றார் டாக்டர். அவருக்கு மேலே ஒரு டிரஸ்ட் இருக்கிறது. நோயாளியின் வீட்டார் டிரஸ்ட்டுக்குப் புகார் கொடுத்திருந்தார்கள். பொறுப்பானவர் யார் என்று டிரஸ்ட் கேட்டிருக்கிறது. "பாஷயுடெ பேர் எழுதான் பற்றில்லல்லோ," என்றார். மொழியின் பேரை எழுத முடியாதே. கேபிளைப் பிடுங்கியது பிந்து, அதுதானே கண்ணால் கண்டது, அதை எழுதிவிடலாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்.

நான் மறுத்தேன். ஆஸ்பத்திரி சோதனையைத் தள்ளிப்போட்டதை எழுதுவேன் என்றேன். எழுதுங்கள், அதை நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும், ஆனாலும் ஓர் ஆள் பேர் வேண்டும் என்றார். அவரும் எனக்கு எதிரி அல்ல. இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த அறையில் கெட்டவர் யாருமே இல்லை, அப்படியிருந்தும் பிந்துவின் வேலை போய்க்கொண்டிருந்தது.

ஊரியது

வெளியே கட்டணக் கவுண்டரில் யாரோ டோக்கன் எண் கூவினார்கள். பழனிச்சாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்துச் சுத்தமான மலையாளத்தில் சொன்னார்.

"டாக்டரே, ஞான் ஊரான் பறஞ்ஞிட்டா ஆ குட்டி ஊரியது. தெத்து என்டேதா."

நான் கழற்றச் சொல்லித்தான் அந்தப் பெண் கழற்றினாள், தவறு என்னுடையது. ஊருவது என்றால் மலையாளத்தில் கழற்றி எடுப்பதுதான். எடுத்து இன்னொன்றில் செருகுவது என்று அதற்கு யாரும் அர்த்தம் பார்க்க முடியாது.

டாக்டர் தம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கும் அது பொய் என்று தெரியும். பிந்து ஓரடி முன்னால் வந்து, "ஸார், அங்ஙனெயல்லல்லோ," அப்படி இல்லையே, என்று மறுக்க ஆரம்பித்தாள்.

"நீ பேசாத இரு கண்ணு," என்றார் பழனிச்சாமி தமிழில்.

எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் வாசகர்களுக்குப் பிடிக்கும். கலங்கவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தன் வைராக்கியத்தையும் தன் நியாயத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் விட்டுக்கொடுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். பழனிச்சாமி சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதினேன். திருத்தவில்லை.

பிந்துவுக்கு அந்த வாரமே உத்தரவு கிடைத்தது. இப்போது அந்த நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவள்தான். குறிப்பிட்ட நாள் வந்தால், யார் தடுத்தாலும், ஒரு லைனை நிறுத்தி மற்றது எடுக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்குத் தகவல் அனுப்புகிறாள்.

பழனிச்சாமியை டிரஸ்ட் போகச் சொல்லவில்லை. கேன்டீனையும் வண்டிகளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அவர் மாதக் கடைசியில் தானாகவே விட்டுவிட்டார். தோப்பு இருக்கிறது, சோற்றுக்குக் கஷ்டமில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு முதல் கல் வைத்தபோது கூட நின்றவர் அவர்.

கடைசி நாளன்று நானும் அங்கே வேலையாக வந்திருந்தேன். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். வெயில் சாய்ந்து, கிழக்கே இருந்து காற்று புழுதியோடு அடித்தது. கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது.

"ஏனுங்க, ஒரு நாளும் பேசாத மலையாளத்துல அன்னைக்கு மட்டும் ஏன் பேசுனீங்க?"

எருத்தேன்பதி பஸ் வளைவில் தெரிந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"பொய்யுங்களே அம்மிணி," என்றார். "தமிழ்ல அதச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க."